அம்மா என்று பெயரிட்ட ஸ்பீக்கர்

என் தம்பி உயிரோடு இருக்கிறான் என்பதை எனக்குச் சொல்வது ஓர் அலறல்தான். போன் கிடையாது, ஒரு வரிச் செய்தி கிடையாது, தெரிந்தவர் வழியாக ஒரு தகவல்கூடக் கிடையாது. என் போனில் பாட்டுக் கேட்கும் ஆப்பைத் திறந்தால் அடியில் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும், பக்கத்தில் ‘தம்பி போன்’ என்று எழுதியிருக்கும். புள்ளி எரிந்தால் துரை எங்கேயோ உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறார் என்று அர்த்தம். என்ன கேட்கிறார் என்பதையும் அது காட்டிக்கொடுத்துவிடும். எப்போது பார்த்தாலும் ஒரே ஆல்பம். அட்டையில் தண்ணீர் வற்றிய நீச்சல் குளம், அதன் அடியில் ஒற்றைச் செருப்பு. உள்ளே ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துகிறான்.

ஆப் என் பெயரில்தான் இருக்கிறது. அவன் படிக்கிற காலத்தில் கெஞ்சிக் கூத்தாடி என்னை வாங்க வைத்தது. கணக்கு ஒன்று, கருவிகள் மூன்று. அக்கா போன், தம்பி போன், அம்மா. அம்மா என்பது அம்மா இல்லை, அடுப்படி அலமாரியில் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த குட்டி ஸ்பீக்கர். பெயரெல்லாம் அவன் சூட்டியதுதான். ஒரு நேரத்தில் ஓர் இடத்தில் மட்டும்தான் பாடும். இன்னொருவர் போட்டால் முதலாமவருக்கு நின்றுவிடும். இதற்காக நாங்கள் இரண்டு பேரும் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல.

அவன் வெளிநாட்டில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலைக்குப் போனபிறகுதான் அந்த மூன்றாவது பெயருக்கு மவுசு வந்தது. போனில் பேச அவனுக்கு வராது. “சாப்பிட்டியாடா?” என்றால் “சாப்பிட்டேன்” என்பான். அதற்குமேல் கொக்கி போட்டு இழுத்தாலும் ஒரு வார்த்தை வராது. ஆனால் அங்கிருந்தபடியே அம்மாவின் ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவான். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள், ஸ்பீக்கர் தானாக உயிர்பெற்று ஒரு பழைய பாட்டைத் தொடங்கும். “வந்துட்டான்” என்பாள் அம்மா, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதுபோல.

அதில் அம்மா ஒரு தந்திரமும் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அவன் குரல் கேட்க வேண்டும் என்று தோன்றினால் பாட்டின் நடுவில் ஸ்பீக்கரின் தலையில் இருக்கும் பட்டனை அமுக்கிவிடுவாள். பாட்டு நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் போன் அடிக்கும்.

“ஏன் நிறுத்துன?”

“நீ போன் பண்ணணும்னுதான்.”

இரண்டு பேரும் தினமும் புதிதாகச் சொல்வதுபோல இதையே சொல்லிக்கொள்வார்கள். எனக்கு எரிச்சலாக வரும். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும்.

அம்மா போனபோது அவனுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. கிடைத்தபோது விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. நான் போனைத் தூக்கிப் பிடித்து அம்மாவின் முகத்தை அவனுக்குக் காட்டினேன். திரையில் அவன் தடித்த மேல்சட்டையும் தொப்பியுமாக, பெட்டிகள் அடுக்கிய ஓர் இடத்தில் நின்றுகொண்டிருந்தான். அழவில்லை. முகம் மரத்துப்போன மாதிரி இருந்தது. அப்போதுதான் சித்தி என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்தாள்.

“பெத்தவளுக்கே வராதவன். கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இருக்கா பாரு. கல்லு!”

திரை இருண்டுவிட்டது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். மறுநாள் அந்த எண்ணே இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. கிடங்கில் கேட்டால் வேலையை விட்டுவிட்டான் என்றார்கள். அவ்வளவுதான்.

நான் காது கேட்கும் கருவி விற்கும் கடையில், காது சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். கடையின் பின்பக்கம் சத்தம் புகாத ஒரு சின்ன அறை உண்டு. சுவரெல்லாம் மெத்தை, ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடிச் சன்னல். வருகிறவரை உள்ளே உட்கார்த்தி, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்துக் கதவைச் சாத்துவேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து மெல்லிய சத்தங்களை அனுப்புவேன். கேட்டால் அவர் பட்டனை அமுக்க வேண்டும், என் பக்கம் ஒரு விளக்கு எரியும். கேட்காவிட்டால் எரியாது. இவ்வளவுதான் என் தொழில். நாள் முழுக்கக் கத்திக் கத்திப் பேசுவதால் வீட்டுக்குப் போனதும் வாயைத் திறக்கப் பிடிக்காது. இப்போது திறந்தாலும் கேட்க ஆள் இல்லை என்பது வேறு விஷயம்.

அந்த ஆப்பை ரத்து செய்துவிடலாம் என்றுதான் ஒருநாள் திறந்தேன். அழிக்கிற பொத்தானைத் தேடிக்கொண்டிருக்கும்போது பச்சைப் புள்ளியைப் பார்த்தேன். நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். திட்டினேன், அழுதேன், மறுபடியும் திட்டினேன். ‘எருமை, அக்காவுக்கு ஒரு போன் போடத் துப்பில்லை, பாட்டு மட்டும் கேட்குதா!’ என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன். புள்ளி தன் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

புள்ளி அணைந்தபிறகு அந்த ஆல்பத்தை நானும் போட்டுப் பார்த்தேன். ‘ஹார்ட்கோர்’ என்று வகை குறித்திருந்தது. முதல் பாட்டு நல்லபிள்ளையாகத்தான் ஆரம்பித்தது. ஒரு கிட்டார், ஈரத்துணியிலிருந்து தண்ணீர் சொட்டுவதுபோல விட்டுவிட்டு ஒலித்தது. ‘அட, பரவாயில்லையே’ என்று நினைப்பதற்குள் டிரம்ஸ் இடித்துத் தள்ள, அந்த ஆள் அலற ஆரம்பித்தான். போனைக் கட்டிலில் வீசிவிட்டேன். யாரையோ பட்டப்பகலில் வெட்டுகிறார்கள் என்று பக்கத்து வீட்டில் நினைத்திருப்பார்கள். இந்த மாதிரி ஆல்பம் நாலு வந்தால் எங்கள் கடை அமோகமாக நடக்கும் என்றுதான் முதலில் தோன்றியது.

ஆனால் விடவும் முடியவில்லை. என் தம்பி இதற்குள்தான் எங்கேயோ இருக்கிறான். மதியம் கடையில் கூட்டம் இருக்காது. முதலாளி சாப்பிடப் போனதும் நான் சோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். உள்ளே சிக்னல் எட்டாது என்பதால் ஆல்பத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்திருந்தேன். அடுத்தவர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, கடையிலேயே நல்ல ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அளவோடு வைத்துக் கேட்டேன்.

அந்த அறையில் வைத்துத்தான் எனக்குக் காது திறந்தது. அந்த ஆள் அலறும்போதெல்லாம் அதற்கு அடியில் இன்னொரு குரல் இருந்தது. மிக மெதுவாக அதே ராகத்தை முனகிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே ஆளின் குரல்தான், எத்தனையோ காதுகளையும் குரல்களையும் பார்த்த எனக்கு அது தெரியும். மேலே ஒருவன் வீட்டைக் கொளுத்துவதுபோலக் கத்துகிறான், அடியில் அவனே தன்னைத் தட்டித் தூங்கவைப்பதுபோல முனகுகிறான். கிட்டார் இரண்டு பேரையும் விட்டுவிட்டு ஓடாமல் கூடவே நடக்கிறது. டிரம்ஸ் ஓய்ந்து கிட்டார் மட்டும் நிற்கும் இடங்களில் ஒரு பெரிய கூடத்தில் எல்லோரும் போனபிறகு தனியாக நிற்பதுபோல இருந்தது. எனக்கு அந்தக் கூடத்தை நன்றாகத் தெரியும். அம்மா போனதிலிருந்து நான் அங்கேதான் இருக்கிறேன்.

ஆல்பத்துக்குக் கீழே ஊர் பேர் தெரியாதவர்கள் ஏதேதோ எழுதியிருந்தார்கள். ஒரு லாரி டிரைவர், ஊருக்கு வெளியே போனதும் இதைத்தான் போடுவேன், கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கூடவே கத்துவேன், யாருக்கும் தெரியாது என்று எழுதியிருந்தார். இன்னொருத்தி, வேலை நேரத்தில் எல்லோரிடமும் சிரித்த முகமாக இருப்பேன், அதற்குப் பிறகு இது என்று எழுதியிருந்தாள். பேரே போடாத ஒருவர், எனக்கு அழ வராது, எனக்காக இவன் அழட்டும் என்று எழுதியிருந்தார். அது என் தம்பியாக இருக்காது, அவன் இவ்வளவு நீளமாக எழுதுகிற ஆளில்லை. ஆனால் அந்த வரியைப் படித்ததும் திரையில் பார்த்த அந்த மரத்துப்போன முகம் ஞாபகம் வந்தது. கல் என்று சித்தி சொன்னாளே, அந்தக் கல் இத்தனை நாளும் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அதன்பிறகு பச்சைப் புள்ளியைப் பார்ப்பதே என் பிழைப்பாகிவிட்டது. அவன் கேட்கும்போது நான் போட மாட்டேன். போட்டால் அவனுக்கு நின்றுவிடும், என் போன்தான் பிடுங்கியது என்றும் அங்கே பெயரோடு காட்டிவிடும். அக்கா வேவு பார்க்கிறாள் என்று தெரிந்தால் இந்த நூலையும் அறுத்துக்கொண்டு போய்விடுவான் என்று பயந்தேன். எனக்கு இருந்தது இது ஒன்றுதான். அதனால் பூனை மாதிரி நடந்துகொண்டேன்.

அப்படி நடந்தவள்தான் கடைசியில் பானையை உருட்டினேன்.

ஒரு மதியம் அறைக்குள் ஆல்பத்தின் நடுவில் இருந்தேன். முதலாளி திடீரென்று கதவைத் திறந்தார்.

“என்னம்மா, உள்ளேயே குடி வந்துட்டியா? ஆளு வந்து உக்காந்திருக்காங்க.”

கதவு திறந்ததும் போனுக்குச் சிக்னல் பாய்ந்து வந்தது. திரையில் ஏதோ ஒரு கேள்வி எழுந்தது. மூக்குக்கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். நிறுத்தவா என்று கேட்கிறது என நினைத்து ‘ஆம்’ என்பதை அமுக்கினேன். வெளியே வந்து கண்ணாடியை மாட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது. ‘தம்பி போனில் ஒலிக்கிறது, இங்கே மாற்றவா?’ என்று அது கேட்டிருக்கிறது. நான் மாற்றச் சொல்லிவிட்டேன். எங்கோ ஓர் ஊரில் என் தம்பியின் காதிலிருந்து பாட்டைப் பிடுங்கி என் காதில் மாட்டிக்கொண்டேன்.

உடனே நிறுத்தினேன். அந்தப் பக்கம் மறுபடி போடுவான் என்று பார்த்தேன். போடவில்லை. மறுநாளும் போடவில்லை. புள்ளி அணைந்தது அணைந்ததுதான்.

அந்த வாரம் முழுக்க நான் மனுஷியாக இல்லை. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரை அவருடைய மகள் கூட்டிவந்திருந்தாள். அவரை உள்ளே உட்கார வைத்தேன். நான் சத்தமே அனுப்பாதபோதும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கதவைத் திறந்தேன்.

“ஐயா, சத்தம் வந்தா மட்டும் அமுக்குங்க.”

“வந்துச்சேம்மா.”

“வரலைங்க. நான் இன்னும் அனுப்பவே இல்லை.”

“அப்படியா? வரப்போற மாதிரி இருந்துச்சு.”

வேறு நாளாக இருந்தால் ஒரு பிடி பிடித்திருப்பேன். அன்றைக்கு மெல்லக் கதவைச் சாத்தினேன். நானும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன், சட்டைப் பையில் போன் அதிர்ந்த மாதிரி இருக்கும், எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

சித்தி போன் செய்தாள். எப்போதும்போலச் சுற்றிவளைத்துவிட்டு அவனிடம் வந்தாள்.

“அவன்கிட்ட இருந்து ஏதாச்சும்…?”

“இல்ல சித்தி.”

“நான் என்ன பெருசா சொல்லிட்டேன்? வயித்தெரிச்சல்ல ஒரு வார்த்தை வந்துடுச்சு. அதுக்காக இப்படியா?”

“ஒரு வார்த்தைதான். அது போய்ச் சேர்ந்துடுச்சு சித்தி, அவன்தான் வந்து சேரலை.”

சித்தி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவள் மேல் இருந்த கோபம் போகவில்லை, ஆனால் அதைப் பிடித்து வைத்திருக்கவும் தெம்பில்லை. வைத்துவிடுகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

புள்ளி மறுபடி எரிந்தபோது நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். அதே குளம், அதே ஒற்றைச் செருப்பு. அவனுக்குத் தெரியும். ‘அக்கா போன்’ என்று கண்ணால் பார்த்திருக்கிறான். இந்த ஆல்பத்தை நானும் கேட்கிறேன் என்று தெரிந்துகொண்டு, யோசித்து, திரும்பி வந்திருக்கிறான். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் இறங்கினேன்.

திரும்பி வந்தவனை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. மறுபடியும் பிடுங்கலாம், பிடுங்கினால் அவன் ஓடிவிடலாம். சும்மா இருக்கலாம், இருந்தால் ஆயுசுக்கும் ஒரு பச்சைப் புள்ளியோடு குடும்பம் நடத்த வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்ததும் பரணில் கைவிட்டு அம்மாவின் ஸ்பீக்கரை எடுத்தேன். நான்தான் ஒரு பழைய துண்டில் சுற்றி வைத்திருந்தேன். அதன் மேலெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, பட்டனைச் சுற்றி மட்டும் தேய்ந்து பளபளப்பாக இருந்தது. அம்மாவின் ஈரக்கை பட்டுப்பட்டு அப்படியானது. துடைக்க மனம் வரவில்லை. மிளகாய்த்தூள் டப்பாவை நகர்த்திப் பழைய இடத்திலேயே வைத்தேன். பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இதை மாட்டினால் அவன் போனில் ‘அம்மா’ என்ற பெயர் தோன்றும். இருக்கிறாள் என்று காட்டும். செத்தவளை வைத்து விளையாடுகிறாயா என்று அவன் நினைத்துவிட்டால்? இந்தக் கணக்கையே தலைமுழுகிவிட்டுப் போய்விட்டால்?

மாட்டிவிட்டேன்.

ஸ்பீக்கர் ஒரு சின்ன மணிச்சத்தம் எழுப்பி விழித்துக்கொண்டது. என் போனில் பார்த்தேன். அக்கா போன், தம்பி போன், அம்மா. பச்சைப் புள்ளி தம்பி பக்கம் எரிந்துகொண்டிருந்தது. சட்டென்று அணைந்தது. எங்குமே எரியவில்லை. பார்த்துவிட்டான்.

நான் வெங்காயத்தை எடுத்து நறுக்க உட்கார்ந்தேன். சமைக்கிற எண்ணமெல்லாம் இல்லை, கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. சன்னலில் வெயில் தாழ்ந்தது. மாடி வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். இரண்டாவது வெங்காயமும் முடிந்தது. போயே போய்விட்டான் என்று நான் முடிவு கட்டிய நேரத்தில், ஈரத்துணியிலிருந்து சொட்டுவதுபோல அந்தக் கிட்டார் கேட்டது. என் போனிலிருந்து அல்ல. அலமாரியிலிருந்து.

அவ்வளவு சின்ன ஸ்பீக்கர் அந்த ஆல்பத்தைத் தாங்குமா? டிரம்ஸ் இடித்ததும் டப்பாக்கள் நடுங்கின. அந்த ஆள் அலற ஆரம்பித்தான், அம்மாவின் அடுப்படியில், அம்மாவின் கரண்டிகளுக்கு நடுவில். பழைய பாட்டாகப் பார்த்துப் பார்த்துப் போட்டவன், அவள் உயிரோடு இருந்தபோது இதைப் போட்டிருந்தால் விளக்குமாற்றைத் தூக்கியிருப்பாள். சத்தம் மெல்ல மெல்ல ஏறியது. அங்கிருந்து அவன்தான் ஏற்றுகிறான். பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார். தட்டட்டும். இவ்வளவு சத்தம் காதுக்குக் கெடுதல் என்று ஊருக்கெல்லாம் சொல்லும் நான் கையில் வெங்காயத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழாமல் விட்டதையெல்லாம் அவன் இப்போது வந்து அவளிடம் கொட்டிக்கொண்டிருந்தான்.

“வந்துட்டான்” என்றேன். அடுப்படியில் வேறு யாரும் இல்லை.

ஆல்பம் முடிந்துவிட்டால் அவனும் போய்விடுவான் என்று அப்போதுதான் உறைத்தது. மறுபடி புள்ளிதான் மிஞ்சும். எழுந்து அலமாரிக்குப் போனேன். நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஒருமுறை பார்த்தாகிவிட்டது. இருந்தும் அந்தத் தேய்ந்த பட்டனின் மேல் கையை வைத்தேன். அலறல் உச்சத்தில் இருந்தது, அடியில் அந்த முனகல் ஓடிக்கொண்டிருந்தது. அமுக்கினேன்.

அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி எங்கள் சோதனை அறையில்கூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கூடத் தட்டுவதை நிறுத்திவிட்டார். ஸ்பீக்கரை முறைத்தேன், போனை முறைத்தேன். நிறுத்தியிருக்கக் கூடாது. மறுபடியும் பிடுங்கிவிட்டேன். வெங்காயக் கையால் கண்ணைத் துடைத்து அது வேறு எரிந்தது.

போன் அடித்தது. தெரியாத எண்.

எடுத்துக் காதில் வைத்தேன். தூரத்தில் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தமும் ஒரு மூச்சும் மட்டும் கேட்டன.

“ஏன் நிறுத்துன?”

குரல் கம்மியிருந்தது. நீண்ட நாள் யாருடனும் பேசாத குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், என்னுடையதும் அப்படித்தான் இருந்தது.

“நீ போன் பண்ணணும்னுதான்” என்றேன்.

அவன் அழுதான். ஆல்பத்தில் வருவதுபோல இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு, திக்கித் திக்கி, மிகச் சின்னதாக அழுதான். கிட்டாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் லைன் கெட்டுவிட்டது என்று நினைத்துப் போனை வைத்திருப்பார்கள். நான் வைக்கவில்லை. அடுப்படித் தரையில் உட்கார்ந்து, போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.